உயிர் காக்கும் மருந்தும் உயிர் காக்கும் முறையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் வேதியியல்)

முதலாண்டு விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்தபோது என் தந்தை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் இரசாயனக் கிடங்கு ஒன்றில் பீப்பாய்களை ஏற்றி இறக்கும் தொழிலாளி. "ஏம்மா, பீப்பா மேல ஒரு படம் ஒட்டியிருக்கான். கண்ணாடிக் குழாயிலேருந்து சொட்டுச் சொட்டா கையில விழுற மாதிரி. வேலை முடிஞ்சா கை கழுவிட்டுப் போன்னுதானே அதுக்கு அர்த்தம்?" என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அந்தப் படத்தை முதலாண்டின் முதல் ஆய்வக வகுப்பிலேயே எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். அரிக்கும் பொருள், தோலையும் உலோகத்தையும் தின்றுவிடும் என்பதே அதன் பொருள். அதைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கை கழுவச் சொல்லும் படமாகவே அவர் எண்ணி வந்திருக்கிறார். ஒருவகையில் அந்தத் தவறான பொருளும் நன்மையே செய்திருக்கிறது. நாள் தவறாமல் கை கழுவியிருக்கிறார். ஆயினும் அவருடைய விரலிடுக்குகளில் தோல் வெளுத்து உரிந்து போயிருப்பதை நான் சிறு வயது முதலே பார்த்து வருகிறேன்.

அந்தப் பீப்பாய்களில் சில மருந்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்பவை என்று அவர் சொன்னார். அன்று என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மருந்து என்பது உயிரைக் காப்பது. அதைச் செய்யும் வழி ஏன் வேறொருவரின் உடலைக் கெடுக்க வேண்டும்? ஆபத்துக் குறைந்த வழியில் அதே மருந்தைச் செய்ய இயலாதா? விடை தேடி நூலகத்தில் படித்தவற்றை, பென்சிலின் என்னும் ஒரே மருந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, என் போன்ற மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதுகாப்பு என்றால் என்ன?

ஆய்வகப் பாதுகாப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை வெள்ளை மேலங்கி, கண்ணாடி, கையுறை ஆகியவைதாம். இவை வேண்டியவையே. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. ஆனால் பாதுகாப்பு இயலில் இவற்றுக்குக் கடைசி இடமே தரப்படுகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

முதலிடம், ஆபத்தான பொருளையே நீக்கிவிடுவதற்கு. அது முடியாதபோது அதற்குப் பதிலாகத் தீமை குறைந்த வேறொன்றைப் பயன்படுத்துவது இரண்டாவது. அதுவும் முடியாவிட்டால் புகையை வெளியேற்றும் அலமாரி, மூடிய கலன் போன்ற தடுப்புகள். இவை அனைத்தையும் செய்த பின்னும் எஞ்சி நிற்கும் ஆபத்துக்குத்தான் கையுறையும் கண்ணாடியும். வீட்டுக்குள் பாம்பு வருகிறது என்றால் நாம் காலில் பூட்ஸ் அணிந்துகொண்டு உறங்குவதில்லை. பொந்தை அடைக்கிறோம். அதுபோன்றதே இதுவும்.

1998-ஆம் ஆண்டு பால் அனஸ்டஸ், ஜான் வார்னர் என்னும் இரு அமெரிக்க வேதியியலாளர்கள் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு கோட்பாடுகளை வகுத்தனர். கழிவு தோன்றிய பின் அதைச் சுத்தம் செய்வதைவிடத் தோன்றாமலே தடுப்பது மேல் என்பதும், வினைக்குத் தேர்ந்தெடுக்கும் பொருள்களே விபத்துக்கு இடங்கொடாதவையாக இருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் சில. இந்தக் கோட்பாடுகள் எழுதப்படுவதற்கு முன்பே அவற்றின்படி மாறத் தொடங்கிய ஒரு தொழில்முறை உண்டு. அதுவே பென்சிலினின் கதை.

பென்சிலினின் உள்ளமைப்பு

1928-இல் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், பூஞ்சை ஒன்று தன்னைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்களை அழிப்பதைக் கண்டார் என்பது பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்தது. அதை மருந்தாக்கிக் காட்டியவர்கள் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஃபுளோரி, செயின் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் ஆவர். ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் 1945-இல் நோபல் பரிசு கிடைத்தது. பென்சிலின் மூலக்கூறின் அமைப்பை எக்ஸ்-கதிர்களின் துணைகொண்டு உறுதி செய்தவர் டோரதி ஹாட்கின் என்னும் அம்மையார். இவருக்கு 1964-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அந்த அமைப்பின் நடுவே நான்கு அணுக்கள் கொண்ட ஒரு சிறு வளையம் இருக்கிறது. அதற்குப் பீட்டா லாக்டம் வளையம் என்று பெயர். மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்தது. நான்கு பேர் உட்கார வேண்டிய கட்டிலில் எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது போல, இவ்வளையத்தின் பிணைப்புகள் இறுக்கத்தில் இருக்கின்றன. ஆகவே இது எளிதில் உடையக் கூடியது. பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியை இந்த வளையமே தாக்கி முடக்குகிறது. வளையம் உடைந்துபோனால் பென்சிலின் மருந்தன்று, வெறும் தூள்.

வளையத்துக்கு வெளியே ஒரு பக்கச் சங்கிலி உண்டு. பென்சிலின் ஜி-யில் அது பீனைல் அசெட்டைல் தொகுதி. இதுவும் ஓர் அமைடு பிணைப்பால்தான் கட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பக்கச் சங்கிலியை நீக்கினால் எஞ்சுவது 6-அமினோ பெனிசிலானிக் அமிலம். சுருக்கமாக 6-ஏ.பி.ஏ. என்பர். இங்கிலாந்தின் பீச்சம் நிறுவன ஆய்வாளர்கள் 1957-இல் இதைப் பிரித்தெடுத்து, 1959-இல் வெளியிட்டனர். இதன்மேல் வேறு வேறு பக்கச் சங்கிலிகளை ஏற்றினால் புதிய புதிய பென்சிலின்கள் கிடைக்கும். 1961-இல் வந்த ஆம்பிசிலினும், 1972-இல் வந்த அமாக்சிசிலினும் இவ்வாறு பிறந்தவையே. இன்று நம் ஊர் மருந்துக் கடையில் வாங்கும் அமாக்சிசிலின் மாத்திரைக்கு வேர் இந்த 6-ஏ.பி.ஏ. தான்.

பென்சிலினை முழுவதும் ஆய்வகத்திலேயே தொகுக்க முடியாதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் ஷீஹன் 1957-இல் பென்சிலின் வி-யை அவ்வாறு தொகுத்தார். அதற்கு அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அறிவியலுக்கு அது பெரும் வெற்றி. எனினும் பூஞ்சை அதே வேலையைச் சர்க்கரையைத் தின்றுகொண்டு மலிவாகச் செய்கிறது. எனவே பென்சிலின் ஜி-யைப் பூஞ்சையிடமிருந்து பெற்று, அதன் பக்கச் சங்கிலியை வெட்டி 6-ஏ.பி.ஏ. ஆக்குவதே தொழிலில் நிலைத்த வழி.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மூலக்கூறில் இரண்டு அமைடு பிணைப்புகள். வெட்ட வேண்டியது உறுதியானது. காக்க வேண்டியது எளிதில் உடைவது. சாதாரண அமிலத்தையோ காரத்தையோ கொண்டு நீராற்பகுத்தால் முதலில் உடைவது வளையமே. தேங்காயை உடைக்க வேண்டும், ஆனால் அதனோடு ஒட்டியிருக்கும் முட்டை நொறுங்கக் கூடாது என்பது போன்ற வேலை இது.

முதல் வழி: கடுங்குளிரில் ஓர் அறுவை

வேதியியலாளர்கள் இதற்குக் கண்ட வழி மிகவும் நுட்பமானது. பக்கச் சங்கிலி அமைடின் நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. வளைய அமைடின் நைட்ரஜனில் ஹைட்ரஜன் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டையே பிடியாகக் கொண்டனர்.

முதலில் மூலக்கூறில் உள்ள கார்பாக்சிலிக் அமிலத் தொகுதியை டிரைமெத்தில் குளோரோசிலேன் கொண்டு மூடிப் பாதுகாக்கின்றனர். பிறகு பாஸ்பரஸ் பென்டாகுளோரைடைச் சேர்க்கின்றனர். அது ஹைட்ரஜன் உள்ள பக்கச் சங்கிலி அமைடை மட்டும் இமிடோயில் குளோரைடு ஆக்குகிறது. அடுத்துப் பியூட்டனால் சேர்த்தால் அது இமினோ ஈதராக மாறுகிறது. கடைசியில் நீர் சேர்த்தவுடன் பக்கச் சங்கிலி கழன்று விழுகிறது. வளையம் உடையாமல் நிற்கிறது. வினையில் தோன்றும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடித்துக்கொள்ள டைமெத்தில் அனிலீனும், கரைப்பானாக டைகுளோரோமீத்தேனும் பயன்படுகின்றன. வளையம் கெடாதிருக்க வெப்பநிலை சுழிக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும்.

தாளில் எழுதிப் பார்க்கும்போது அழகான வினைத்தொடர்தான். தேர்வில் கேட்டால் பத்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அந்தப் பொருள்களின் குணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு ஒரு பங்கு, நீர் நான்கு பங்கோடு சீறிக்கொண்டு வினைபுரிந்து, பாஸ்பாரிக் அமிலம் ஒரு பங்கும் ஹைட்ரஜன் குளோரைடு ஐந்து பங்கும் தரும். காற்றின் ஈரமே போதும், அது புகையத் தொடங்கிவிடும். நம் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் ஈரம் இருக்கிறது என்பதை மறத்தலாகாது. டிரைமெத்தில் குளோரோசிலேன் எளிதில் தீப்பற்றும். ஈரம் பட்டால் அதுவும் அமிலப் புகை விடும். டைமெத்தில் அனிலீன் தோல் வழியாகவே உடலுக்குள் புகுந்து, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை ஏறத்தாழ 40 பாகை. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் அது தானாகவே கொதிநிலையை எட்டிவிடும். அதன் ஆவியைச் சுவாசித்தால் உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது.

இவையெல்லாம் கையுறையாலும் கண்ணாடியாலும் தடுக்கப்பட வேண்டிய ஆபத்துகள். கையுறை கிழிந்தால்? குளிரூட்டும் இயந்திரம் நடுவில் நின்றுபோனால்? பீப்பாயின் மூடி சரியாக இறுகாமல் இருந்தால்? பாதுகாப்பு முழுவதும் மனிதனின் கவனத்தையே நம்பி நிற்கிறது. மனிதனின் கவனமோ எட்டு மணி நேர வேலையின் முடிவில் தளர்ந்துவிடக் கூடியது.

இரண்டாம் வழி: வெந்நீரில் ஒரு கத்தரி

ஈ.கோலை என்னும் பாக்டீரியாவில் பென்சிலின் அசைலேஸ் என்று ஒரு நொதி உண்டு. பாக்டீரியாவின் இத்தகைய நொதிகள் பென்சிலின் ஜி-யின் பக்கச் சங்கிலியை வெட்டுகின்றன என்பதை 1960-இல் பல ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. இந்த நொதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பீனைல் அசெட்டைல் தொகுதி அதில் சாவி பூட்டில் பொருந்துவது போல அமர்கிறது. பள்ளத்தின் அருகே உள்ள செரின் என்னும் அமினோ அமிலம் அந்தத் தொகுதியை இணைக்கும் அமைடு பிணைப்பை மட்டும் வெட்டுகிறது. பீட்டா லாக்டம் வளையத்தை அது திரும்பியும் பார்ப்பதில்லை.

இதற்கு வேண்டிய கரைப்பான் நீர். வெப்பநிலை நம் உடற்சூட்டை ஒட்டியது. பி.எச். 8 அளவில் இலேசான காரத்தன்மை. வெட்டப்படும் பீனைல் அசெட்டிக் அமிலம் கரைசலின் பி.எச்.-ஐத் தாழ்த்திக்கொண்டே போகும் என்பதால் சிறிது சிறிதாக அம்மோனியா சேர்க்கப்படுகிறது. வினை முடிந்ததும் பி.எச்.-ஐ 4 அளவுக்குக் கொண்டுவந்தால் 6-ஏ.பி.ஏ. படிகமாகப் பிரிந்து வீழ்கிறது. பிரித்தெடுத்த பீனைல் அசெட்டிக் அமிலத்தைப் பூஞ்சை வளர்க்கும் தொட்டிக்கே திருப்பி அனுப்பலாம். பூஞ்சை அதைக் கொண்டே மறுபடியும் பக்கச் சங்கிலியைக் கட்டிக்கொள்கிறது.

அப்படியானால் தொடக்கத்திலேயே ஏன் எல்லாரும் இம்முறைக்கு மாறவில்லை? தொடக்கத்தில் முழுப் பாக்டீரியச் செல்களையே நீரில் கலந்து வினை நடத்தினர். ஒவ்வொரு முறையும் புதிய செல்கள் வேண்டும். விளைபொருளில் செல்லின் புரதங்களும் கலந்துவிடும். ஆகவே வேதிமுறை மலிவாகத் தோன்றி முந்திக்கொண்டது. நிலைமையை மாற்றியது ஓர் எளிய கருத்து. நொதியைத் தனியே எடுத்துச் சிறு மணிகளின்மேல் ஒட்டிவிட்டால் என்ன? மணிகளை வடிகட்டி எடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் அல்லவா? இதற்கு நிலைப்படுத்திய நொதி என்று பெயர். நல்ல மணிகள் நூற்றுக்கணக்கான முறை உழைக்கின்றன. 1970-களில் தொடங்கிய இம்மாற்றம், அடுத்த இருபது ஆண்டுகளில் வேதிமுறையைப் பெரும்பாலும் விலக்கிவிட்டது.

கணக்குப் பார்ப்போம்

தொழில்நுட்ப நூல்களில் இரு முறைகளுக்கும் ஒப்பீட்டுக் கணக்கு ஒன்று தரப்படுகிறது. 1000 கிலோ பென்சிலின் ஜி பொட்டாசியம் உப்பிலிருந்து ஏறத்தாழ 500 கிலோ 6-ஏ.பி.ஏ. பெற வேண்டும் என்று கொள்வோம். உப்பின் மூலக்கூறு நிறை 372, 6-ஏ.பி.ஏ.-யின் மூலக்கூறு நிறை 216. எனவே கிடைக்கக் கூடிய உச்ச அளவு 580 கிலோ. 500 கிலோ என்பது நல்ல விளைச்சலே.

வேதிமுறைக்கு வேண்டியவை: பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு 600 கிலோ, டிரைமெத்தில் குளோரோசிலேன் 300 கிலோ, டைமெத்தில் அனிலீன் 800 கிலோ, அம்மோனியா 160 கிலோ, டைகுளோரோமீத்தேன் 4200 லிட்டர், பியூட்டனால் 4200 லிட்டர்.

நொதிமுறைக்கு வேண்டியவை: நீர் 10,000 லிட்டர், அம்மோனியா 45 கிலோ, நிலைப்படுத்திய நொதி ஓரிரு கிலோ.

இந்த இரு பட்டியல்களையும் என் நோட்டில் எதிரெதிரே எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பட்டியலில் கரைப்பான்களை விட்டுவிட்டுக் கூட்டினாலே 1860 கிலோ வருகிறது. செய்யப்படும் பொருளைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அவற்றை யாரோ ஒருவர் தோளிலும் கையிலும் தாங்கி இறக்கியாக வேண்டும். இரண்டாம் பட்டியலில் அந்தப் பீப்பாய்களே இல்லை. பாதுகாப்பு விதி எதையும் அங்கே புதிதாக எழுதவில்லை. வினையை மாற்றினார்கள், ஆபத்து போய்விட்டது.

இந்த நொதிக்கு இன்னுமொரு சிறப்பு உண்டு. நிலைமைகளைத் தக்கவாறு அமைத்தால் அது எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 6-ஏ.பி.ஏ.-யோடு புதிய பக்கச் சங்கிலியை இணைத்து ஆம்பிசிலினையும் அமாக்சிசிலினையும் நீரிலேயே செய்யலாம். வெட்டிய கத்தரியே ஊசியாகித் தைக்கிறது என்று சொல்லலாம்.

நொதி இல்லாத இடத்தில் என்ன செய்வது?

எல்லா ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் இப்படி ஒரு நொதி கிடைத்துவிடுவதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை முழுக்க முழுக்க வேதிமுறையில் செய்யப்படுபவை. இவற்றில் ஆபத்தான பொருளை நீக்க முடியாவிட்டால் அதன் அளவைக் குறைக்கலாம் என்பது அடுத்த வழி.

ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். மேற்பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். டம்ளரில் ஊற்றிய கஞ்சி விரைவில் ஆறிவிடுகிறது. அண்டாவில் உள்ள கஞ்சி நடுவில் நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கிறது. வெப்பம் உமிழும் வினையைப் பெரிய கலனில் நடத்தும்போது இதே காரணத்தால்தான் அது கட்டுமீறிப் போகிறது.

இதற்குத் தீர்வாக வந்ததே தொடர்பாய்வு முறை. பெரிய கலனுக்குப் பதில் மெல்லிய குழாய். ஒரு முனையில் வினைபடு பொருள்கள் நுழைய, மறுமுனையில் விளைபொருள் வெளிவருகிறது. குழாய்க்குள் எந்த நேரத்திலும் இருப்பது சிறிதளவே. வெப்பம் உடனுக்குடன் சுவர் வழியே வெளியேறிவிடும். 2017-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிமோத்தி ஜேமிசன் குழுவினர் சிப்ரோஃப்ளாக்சசினை ஆறு வினைகளில், இடையில் எதையும் பிரித்தெடுக்காமல், குழாய்களுக்குள்ளேயே செய்து காட்டினர். வினைகள் நடக்கும் மொத்த நேரம் 9 நிமிடம். பிரித்தெடுக்காமல் செய்வதால் இடைநிலைப் பொருள்களைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை.

சேமித்து வைக்காமை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நம் நாடு மிகக் கொடிய முறையில் கற்றுக்கொண்டது. 1984 டிசம்பரில் போபால் நகரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டு ஒரு விளைபொருளன்று. பூச்சிக்கொல்லி செய்வதற்கான ஓர் இடைநிலைப் பொருள். அது ஒரே தொட்டியில் சுமார் 40 டன் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அங்குச் செய்யப்பட்டது மருந்தன்று. ஆயினும் பாடம் எல்லா வேதித் தொழிலுக்கும் பொதுவானது.

எஞ்சியிருக்கும் ஆபத்துகள்

நொதிமுறை வந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று சொல்லி முடித்துவிட்டால் அது உண்மையாகாது. வினை சாதுவானாலும் விளைபொருள் சாதுவானதன்று. பென்சிலின் தூளை நாள்தோறும் சுவாசிப்பவருக்கு ஒவ்வாமை ஏற்படலாம். அப்படி ஏற்பட்டவருக்குப் பின்னாளில் அதே மருந்து தேவைப்படும்போது அதுவே உயிருக்கு ஆபத்தாகவும் முடியலாம். இதனாலேயே பென்சிலின் செய்யும் இடத்தை மற்ற மருந்துகள் செய்யும் இடத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பது மருந்துத் தொழிலின் விதியாக உள்ளது.

மற்றொன்று கழிவுநீர். ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் பல மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றிலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. இது மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். இத்தகைய நீரில் வாழும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு அஞ்சாதவை மட்டுமே பிழைத்துப் பெருகும். அவற்றின் எதிர்ப்பாற்றல் நோய்க் கிருமிகளுக்கும் பரவினால், மருந்து செய்யும் ஆலையே மருந்தைப் பயனற்றதாக்கியது போலாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் ஆன்டிபயாடிக் ஆலைகளின் கழிவு பற்றித் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது இதன் காரணமாகத்தான்.

பென்சிலின் வகைக்கு இங்கும் ஒரு நல்வாய்ப்பு உண்டு. எந்த வளையத்தைக் காக்க அவ்வளவு பாடுபட்டார்களோ, அதை உடைப்பது எளிது. கழிவை வெளியேற்றுமுன் காரத்தாலோ தக்க நொதியாலோ வளையத்தைத் திறந்துவிட்டால் அதன் மருந்தாற்றல் போய்விடும். சிப்ரோஃப்ளாக்சசின் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. ஆகவே பாதுகாப்பான முறை என்பது பொருள் குடுவைக்குள் இருக்கும்வரை மட்டும் பார்ப்பதன்று, அது சாக்கடைக்குப் போன பின்னும் பார்ப்பது.

நம் ஆய்வகத்தில்

இவையெல்லாம் பெரிய ஆலைகளின் கதை, நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். சென்ற பருவத்தில் கரிமச் சேர்மப் பகுப்பாய்வு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். லசைன் சோதனைக்காகச் சோடியத்தை உருக்கிய குழாயை, எனக்குப் பக்கத்தில் நின்ற தோழி பீங்கான் கிண்ணத்து நீரில் போட்டாள். சோடியம் முழுவதும் வினைபுரியாமல் எஞ்சியிருந்ததால் பட்டென்று வெடித்து நீர் முகம் வரை தெறித்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் தப்பினாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஆனால் அன்று இரவு விடுதியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைக் காத்தது பாதுகாப்பு வரிசையில் கடைசியாக நிற்கும் கண்ணாடி மட்டுமே.

இதே சோதனையைச் சோடியம் இல்லாமலும் செய்யலாம். துத்தநாகத் தூளும் நீரற்ற சோடியம் கார்பனேட்டும் கலந்த கலவையோடு சேர்மத்தைச் சூடாக்குவது மிடில்டன் முறை. நைட்ரஜனையும் ஹாலஜன்களையும் நீரில் இறங்கிய கரைசலில் காணலாம். கந்தகம் துத்தநாக சல்பைடாக அடியில் தங்கும். அதை அமிலத்தோடு சேர்த்து, லெட் அசெட்டேட் தாள் கறுப்பதைக் கொண்டு அறியலாம். துத்தநாகத் தூளும் தீயருகே கவனமாகக் கையாள வேண்டியதே. ஆனால் நீரைக் கண்டு வெடிக்கும் சோடியம் அங்கில்லை. பாடத்திட்டப்படி சோடியத்தைக் கொண்டே தேர்வெழுத வேண்டுமாயினும், ஒரு வகுப்பிலாவது இரு முறைகளையும் அருகருகே செய்து ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் துறைப் பேராசிரியர்கள் வாய்ப்பளிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணாடிக் கலன்களைக் கழுவக் குரோமிக் அமிலக் கலவைக்குப் பதில் சோப்புக் கரைசலைக் கொண்டு முதலில் முயலலாம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை உண்டாக்கவல்லது. பத்துக் கிராம் எடுத்துச் செய்யும் தயாரிப்புகளை ஒரு கிராமில் செய்யலாம். விளைபொருளின் உருகுநிலை இரண்டிலும் ஒன்றேதான். இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

முடிவுரை

ஒரு வினைச் சமன்பாட்டை எழுதும்போது அம்புக்குறிக்கு மேலே வினைபொருளையும் கீழே கரைப்பானையும் வெப்பநிலையையும் சிறிய எழுத்தில் எழுதுகிறோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்தச் சிறிய எழுத்துகள் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பீப்பாய் என்பதை இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அதைத் தூக்குபவர் அம்புக்குறியில் இடம்பெறுவதில்லை.

அடுத்த விடுமுறையில் ஆபத்தைக் குறிக்கும் ஒன்பது படங்களையும் ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பொருள் எழுதித் தந்தையிடம் கொடுத்தேன். அதைக் கிடங்கின் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். உடன் வேலை செய்பவர்கள், "உன் பொண்ணு எழுதினதா?" என்று கேட்டார்களாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆளாகிய எனக்கு, அந்த ஒரு கேள்வி எந்தப் பரிசையும்விடப் பெரிதாக இருந்தது.

ஆயினும் படத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது முதற்படியே. படம் ஒட்ட வேண்டிய தேவையே இல்லாத முறையைக் கண்டுபிடிப்பதுதான் முடிவான பாதுகாப்பு. பென்சிலினில் அது நடந்திருக்கிறது. மற்ற மருந்துகளில் அதைச் செய்து முடிக்க வேண்டியவர்கள், இன்று ஆய்வக மேசைகளின் முன் நிற்கும் நாம்தாம்.